காலியாக இருக்க வேண்டிய நாற்காலி

ஹலோ… ஹலோ, மச்சான்… ஆமா, அத்தான்தான் பேசுறேன். ஏன்டா, ஒரு மனுஷன் எத்தனை தடவை அடிக்கிறது… கண் பரிசோதனையா. நல்லா பண்ணு. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுற, அத்தான் நம்பர் மட்டும் உன் கண்ணுக்கு மங்கலாத் தெரியுது…

சரி, விடு. மேட்ச்ல நம்மகூட உக்காருற சலூன்காரர் வந்தாரா… விஷயத்தைச் சொல்லிட்டாரா. நல்லது… இரு. இரு, இரு, இரு. கத்தாத. உன் கடையில இருக்கிற கண்ணாடியெல்லாம் விரிசல் விட்டுரும். அத்தான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளு.

ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் ஆட்டம் முழுக்க நீ வெளிய நிக்கணும். அவ்வளவுதான்… ஆமா, முழுக்க… ஆமா, ரெஃப்ரி ஊதுறதுலேருந்து மறுபடி ஊதுற வரைக்கும்… எப்பவும் கடைசி இருபது நிமிஷம்தானேன்னு கேக்குற. நியாயமான கேள்வி. இல்லைன்னு சொல்லல. ஆனா இது என்ன ஆட்டம்னு யோசிச்சியா? நம்ம மைதானத்துல இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசி. ஜெயிச்சா இந்த லீக்ல இருப்போம். டிராவானாக்கூட கீழ் லீக்குக்கு இறக்கி விட்டுருவாங்க. அப்புறம் அடுத்த வருஷம் தீயணைப்புத் துறை கூடவும் காலேஜ் பசங்க கூடவும் ஆடிக்கிட்டு, வேலியில துணி காயப்போட்டிருக்கிற மைதானத்துக்கெல்லாம் நாம பஸ் ஏறிப் போகணும். உனக்கு அது சம்மதமா…

மூடநம்பிக்கையா. யாரு, நானா? மச்சான், நான் கல்லாவுல உக்காந்தவன். கண்ணால பாத்ததை மட்டும் நம்புறவன். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீ ஒண்ணுக்குப் போறேன்னு எழுந்திரிச்ச. ஞாபகம் இருக்கா. நீ படி இறங்கி, கேலரிக்குக் கீழ இருக்கிற நடைக்குள்ள போனதுதான் தாமதம், நமக்கு கோல். திரும்பி வந்து உக்காந்த, அவங்களுக்கு கோல். அன்னிக்கும் இதையேதான் சொன்ன, ஒரு தடவைதானே அத்தான்னு. ஒரு தடவை போதும்டா. யாவாரத்துல ஒரு தடவை கை சுட்டவன், மறுபடி சுடுதான்னு தொட்டுப் பாக்க மாட்டான்…

இரு, கடைக்கு ஆள் வந்திருக்காங்க. வாங்கம்மா. என்ன வேணும்… தாழ்ப்பாளா. வாசக்கதவுக்கா, குளியலறைக்கா… குளியலறைக்குன்னா இது. பித்தளைம்மா. மேல பூசுனது இல்ல, உள்ள வரைக்கும் பித்தளை. கையில எடுத்துப் பாருங்க, கனமே சொல்லும். நிதானமாப் பாருங்க, அவசரமே இல்ல…

ம், சொல்லு மச்சான்… எதிரணி சிமெண்ட் கம்பெனிக்காரங்கதானே, கோப்பையை ஏற்கெனவே தூக்கிட்டாங்களே, சும்மா வந்துட்டுத்தானே போவாங்கன்னா… நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். பரீட்சை எழுதி முடிச்சவன் பள்ளிக்கூடத்துக்கு வர்ற மாதிரிதான் வருவாங்க. ஆனா நம்ம பசங்க இருக்காங்களே, தூங்குறவனைத் தட்டி எழுப்பி அடி வாங்கிட்டு வர்ற ஜாதகம்…

நெட்டையனா? கோல்ல அவன்தான் நிப்பான், வேற யாரு. மேல வர்ற பந்தையெல்லாம் நல்லாத்தான் பிடிக்கிறான். கீழ வர்ற பந்துக்குத்தான் முன்கூட்டியே மனு போடணும். அவன் குனியிறதுக்குள்ள பந்து வலைக்குள்ள படுத்து ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிச்சிரும்… பின்வரிசையைப் பத்திப் பேசாத. நான் தாழ்ப்பாள் விக்கிறவன், எனக்கு வயிறு எரியுது. நாலு பேர் நிக்கிறாங்க. நாலு கதவு, ஒண்ணுலயும் கொண்டி இல்ல. காத்தடிச்சாலே திறந்துக்குது…

நடுவுலயா? நம்ம சேதாரம் இருக்கானே, அவனுக்குக் காயம் ஆறிடுச்சாம், ஆடுவானாம். நம்ம கெட்ட நேரம். நகைக்கடையிலகூட இவ்வளவு சேதாரம் போட மாட்டான்டா. பத்து பந்து கொடுத்தா மூணு திரும்பி வந்தா பெரிசு. மீதி எங்க போச்சுன்னு கேட்டா ரெஃப்ரி முகத்தைப் பாப்பான்…

முன்னால நம்ம மாப்பிள்ளைதான். அந்தப் பேரை யாரு வச்சா, நான்தானே. புது பூட்ஸ், தலையில அரைக் கிண்ணம் எண்ணெய். வருவான், நிப்பான். பந்தைக் கொண்டுவந்து காலடியில வச்சுக் கும்பிடணும். அப்பவும் கோவிச்சுக்குவான், இடது காலுக்கு வச்சிட்டீங்கன்னு… உன்னைச் சொல்லலடா. நான் ஃபார்வர்டைச் சொல்றேன். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுங்குதோ…

அதனாலதான் சொல்றேன். ஆடுறவங்களை நம்பி ஒரு ஆட்டத்துக்குப் போக முடியுமா? நம்ம கையில இருக்கிற ஒரே நல்ல சரக்கு நீதான்.

என்னம்மா… என்ன விலை கேட்டீங்க? அம்மா, அந்த விலைக்கு எனக்கே வந்து விழல. ஒரே விலைக் கடை இது, சொன்னது சொன்னதுதான். இதோ போன்ல என் மச்சான் இருக்கான், கேட்டுப் பாருங்க. சொந்த மச்சான், அவன் வீட்டுக் கதவுக்கே குறைச்சதில்ல… டேய், இதுக்கு மட்டும் நல்லா உரக்க 'ஆமா'ங்கிற. ஸ்பீக்கர்ல இல்ல, அவங்களுக்குக் கேக்காது… நீங்க பாருங்கம்மா. வேற மாதிரி வேணும்னாலும் காட்டுறேன்.

என்னது? வரவே மாட்டியா. மைதானத்துக்கேவா… மச்சான், அப்படியெல்லாம் பேசாத. நீ வீட்டுல இருந்தா வேலை செய்யாது. பாத்தாச்சே. லென்ஸ் கம்பெனி மீட்டிங்னு நீ வெளியூர் போன அன்னிக்கு மூணு வாங்கினோமே, மறந்துட்டியா? நாற்காலி உன்னுடையதா இருக்கணும், நீயும் மைதானத்துக்குள்ள இருக்கணும், ஆனா நாற்காலியில மட்டும் நீ இருக்கக்கூடாது. மருந்தை வாங்கிக் கடையிலயே வச்சிட்டு வந்தா காய்ச்சல் போகுமா…

சரி. புரியுது. உன் கிராக்கி உனக்குத் தெரிஞ்சு போச்சு. என்ன கேக்குற, சொல்லு… முதல் பாதி முழுசாவா? நீ தாழ்ப்பாள் வாங்க வந்தியா, கடையவே எழுதி வாங்க வந்தியா… அஞ்சு நிமிஷம் தர்றேன். டீம் உள்ள வரும்போது நின்னு கை தட்டு, ஊதினதும் கிளம்பு… பத்து… நீயும் இறங்கி வா, நான் மட்டும் ஏறிக்கிட்டே இருந்தா எப்படி… பதினஞ்சு. கடைசி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. அந்தப் பதினஞ்சு நிமிஷம் நம்ம பசங்க இன்னும் லேஸ்தான் கட்டிக்கிட்டு இருப்பாங்க, நீ உக்காந்தாலும் கெட்டுப் போறதுக்கு ஒண்ணுமில்ல…

நடைக்கு என்னடா குறைச்சல். நல்லா காத்து வரும். தலைக்கு மேல படிக்கட்டு, வெயில் படாது, மழை படாது. கூட்டமில்ல. டீக்கடை கைக்கெட்டுற தூரம்… கழிப்பறை பக்கத்துலதான் இருக்கு, அதுவும் ஒரு வசதிதானே? மேல உக்காந்திருக்கிறவன் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கான்… ஸ்டூல் தர்றேன்டா. கடையிலேருந்து நானே தூக்கிட்டு வர்றேன். குஷன் வச்சது. மேல எங்களுக்கு இருக்கிறது வெறும் பிளாஸ்டிக். பாக்கப் போனா உனக்குத்தான் ராஜ உபசாரம்…

பாக்கணும்னா என்ன பாக்கணும்… கோலா. கோல்ல என்னடா இருக்கு பாக்கிறதுக்கு? பந்து உள்ள போகுது. கதவு திறந்தா ஆள் உள்ள வர்றான், அதை டிக்கெட் வாங்கியா பாக்கிறோம்… அஞ்சு வருஷமா நம்ம டீம் இங்க போட்ட ஒரு கோலைக்கூட நீ பாக்கலைங்கிற. தெரியும்டா. எனக்கும் மனசு இருக்கு. ஆனா நீ பாக்காததாலதான் அது விழுந்துச்சு. அதையும் யோசி…

ஆதாரம் வேணுமா? வச்சிருக்கேன். ஆறு மாசத்துக்கு முன்னாடி நான் குடலிறக்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்தேன்ல. துறைமுகத்து டீம் கூட ஆட்டம். நீ என்ன பண்ண? அத்தான் படுத்த படுக்கையில சொன்ன சொல்லைத் தட்டாம முழு ஆட்டமும் நடையில நின்ன. நாலு கோல். நாலு, மச்சான். இந்த மைதானத்துல நாம நாலு போட்டதை நம்ம அப்பன் காலத்து ஆளுங்ககூட பாத்ததில்ல. நானும் பாக்கல, நீயும் பாக்கல. ஆனா விழுந்துச்சு. இருபது நிமிஷம் நின்னா ஒண்ணு, முழுசா நின்னா நாலு. அது சில்லறை, இது மொத்த வியாபாரம். கணக்கு சரியா இருக்கா…

அப்ப அதுக்கப்புறம் ஏன் முழுசா நிக்கச் சொல்லலைன்னா… நல்ல சரக்கை தினம் வாசல்ல தொங்கவிடுவாங்களா? ஆபத்துக்கு எடுக்கலாம்னு வச்சிருந்தேன். ஆபத்து வந்தாச்சு.

அந்த நாலு கோலுக்கு என்ன… மூணாவதா… மாப்பிள்ளை வழுக்கிட்டானா. பூட்ஸ் கழண்டு… பறந்து போய் ரெஃப்ரி முதுகுலயா… வெறும் சாக்ஸ் காலாலயே அடிச்சானா. ஐயோ, இரு, வயிறு வலிக்குது. அந்தப் புது பூட்ஸுக்கு அதுதான்டா மரியாதை… ரெஃப்ரி யாருடா எறிஞ்சதுன்னு திரும்பிப் பாக்கிறதுக்குள்ள பந்து உள்ளயா… அப்புறம் அவன் நொண்டிக்கிட்டே ஓடினானா, ஒரு காலைத் தூக்கிக்கிட்டு. இதை ஏன்டா என்கிட்ட யாருமே சொல்லல…

இரு.

இரு, மச்சான். நீ நடையில நின்ன. நடையிலேருந்து சுவரு மட்டும்தான் தெரியும். நம்ம லீக்கை எந்த டிவியிலயும் காட்டுறதில்ல… யாராவது உனக்குச் சொல்லியிருப்பாங்க. சலூன்காரர்தானே… இல்லையா… யாருமே சொல்லலயா.

எங்க உக்காந்திருந்த?

என் நாற்காலியிலயா.

…முழு ஆட்டமுமா… நாலையும் பாத்தியா. அப்ப அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து, நின்னு நின்னு கால் வீங்கிப் போச்சு அத்தான்னு சொன்னியே. நான் படுத்துக்கிட்டே என் தைலத்தை எடுத்து உனக்குக் கொடுத்தேனேடா. நீயும் தேய்ச்சியே… யாரு அப்படிச் சொல்லச் சொன்னா… உங்க அக்காவா? நான் கத்துனா தையல் பிரிஞ்சிரும்னா. பாரு, வீட்டுக்குள்ளயே எதிரணியை வச்சுக் குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கேன். தெரியவே இல்ல…

சலூன்காரருக்கும் தெரியுமா. கேலரியில நம்ம வரிசைக்கே தெரியுமா… அந்த மனுஷன் நேத்து என் கழுத்துல கத்தியை வச்சுக்கிட்டு, ஆமாங்க, மச்சானை முழுசா நிறுத்திடலாம், அதுதான் சரின்னாரேடா. நடுநடுவுல கத்தியை எடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நான் தும்மல்னு நினைச்சேன்…

எதுக்கு மறைக்கணும்… வருத்தப்படுவேன்னா. அந்த வரிசையை நான்தான் பேசி வாங்கிக் கொடுத்தேங்கிற மரியாதையா? ரொம்ப நல்ல மரியாதை. மரியாதைக்காக லீக்கை விட்டே கீழ இறங்குவீங்களா எல்லாரும்…

என்னம்மா, நீங்க ஏன் சிரிக்கிறீங்க? தாழ்ப்பாளைப் பாருங்க. திருகாணி சேத்துத்தான் விலை.

டேய், இதெல்லாம் தற்செயல்டா. நான் இல்லாதது ஒரே ஒரு தடவைதானே… என்ன… ஆமா, சொன்னேன்… கை சுட்டவன் மறுபடி தொட்டுப் பாக்க மாட்டான்னு நான்தான் சொன்னேன். என் சரக்கை என்கிட்டயே விக்காத.

…

இருக்கேன். லைன்லதான் இருக்கேன். யோசிக்க விடு.

…நான் உள்ள இருந்த ஆட்டமெல்லாம் தட்டுத் தடுமாறி ஒண்ணு போடுறோம். நான் இல்லாத ஆட்டத்துல நாலு. நீயும் உள்ளதான் இருந்த. அப்ப அஞ்சு வருஷமா… வேணாம், நீ அதை வாயால சொல்லாத. எனக்குக் கணக்கு வரும்.

சரி, என்ன சொல்ல வர்ற, நேராச் சொல்லு… ஆஸ்பத்திரியிலயா? ஞாயித்துக்கிழமை மறுபடி போய்ப் படுத்துக்கணுமா. என் உடம்புல எடுக்கிறதுக்கு இன்னும் என்னடா மிச்சமிருக்கு… வீட்டுலயா. முடியாது. உங்க அக்காவுக்கு எல்லாம் தெரியும்னு தெரிஞ்சப்புறம் அவ எதிர்ல உக்காந்துக்கிட்டு ஒரு முழு ஆட்டத்தை எப்படிடா ஓட்டுறது… கடையிலயா? ஞாயித்துக்கிழமை கடையைத் திறந்து யாருக்கு விக்க, எலிக்கா… இங்க பாரு, ஒரேயடியா ஏத்தாத. ஆரம்பத்துலயே ஆஸ்பத்திரின்னு கேட்டா எவன் பேரத்துக்கு நிப்பான்? ரெண்டு பேருக்கும் கட்டுற மாதிரி ஒண்ணு சொல்லு…

நடை.

ஆமா. நடைக்கு முடிச்சுக்கலாம். மைதானத்துக்கு உள்ளயும் ஆச்சு, ஆட்டம் என் கண்ணுல படாமயும் ஆச்சு… முதல் பதினஞ்சு நிமிஷம் உள்ள இருந்துட்டு… இல்லையா. பத்து… சரி, அஞ்சு. டீம் வரும்போது நின்னு கை தட்டிட்டு… அதுவும் கிடையாதா? டேய், நான் உனக்குப் பதினஞ்சு கொடுத்தேன். பெருந்தன்மையா கொடுத்தேன்… பேரம் பேசக் கத்துக் கொடுத்தவன்கிட்டயே… சரிடா. சரி, சரி. ஊதுறதுலேருந்து ஊதுற வரைக்கும். முடிஞ்சுது.

…மச்சான், அந்த நடையில காத்து வருமா… வராதா. துளிகூடவா… வாடை எப்படி… இடைவேளைக்கு அப்புறம் ரொம்பவா… டீ… ஆறிப் போய்த்தானா. சூடு பண்ணிக் கேட்டா… முறைப்பானா. ஸ்டூல் இருக்கு, ஸ்டூல் நான் கொண்டுவரேன்… குஷன் எங்கடா இருக்கு. குஷனும் இல்ல ஒண்ணும் இல்ல, பேச்சுக்குச் சொன்னேன்.

அஞ்சு வருஷமா அங்க நின்னுக்கிட்டு என்னதான்டா பண்ணுவ… சத்தத்தை வச்சே சொல்லிருவியா. கார்னர்னா… கால் மட்டும் தட்டுவாங்களா. கம்பத்துல பட்டா… இழுத்து ஒரு 'ஆ'வா. சேதாரம்கிட்ட பந்து போனா… எல்லாரும் ஒண்ணா உச்சுக் கொட்டுற சத்தமா, அது எனக்கும் தெரியும், அதுல என் சத்தமும் ஒண்ணு… கோலுக்கு?

முதல்ல ஒண்ணுமே கேக்காதா… மூச்சு விடுற நேரத்துக்கு. மொத்த கேலரியும் செத்துப் போன மாதிரி… ம்… அப்புறம் தலைக்கு மேல இடி. படிக்கட்டு இடுக்கு வழியா தூசி கொட்டுமா… தலையில, டீயில, எல்லாத்துலயுமா… ம். நீ இதை ஒரு நாளும் என்கிட்ட சொல்லலயே… நான் கேக்கலையா. அதுவும் சரிதான்.

சரி, கேளு. கோல் விழுந்தா நீ உடனே கீழ ஓடி வந்து சொல்லணும். யாரு அடிச்சா, எந்தக் கால், பூட்ஸ் இருந்துச்சா… இல்ல. வேணாம். வராத. ஒண்ணு விழுந்ததும் நீ எழுந்திரிச்சு வந்துட்டா அப்புறம் ரெண்டாவது எப்படி விழும்? நீ எழுந்திரிக்காத, மச்சான். உக்காந்து பாரு. ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிக்கிட்டு உக்காரு. தூசி கொட்டுனா நான் தெரிஞ்சுக்கறேன்.

பக்கத்துல என் நாற்காலி… அது காலியா இருக்கட்டும். சலூன்காரர் காலை நீட்டுவாரு, விடாத. பையை வை. எதையாவது வை.

ஆனா ஒண்ணு. ஜெயிக்கலைன்னா மொத்த வரிசையும் அடுத்த வருஷம் கீழதான் நிக்கணும், கத்தியோட அவரும் சேத்து. கீழ் லீக்கைப் பாக்க அந்தச் சுவரு போதும்… உங்க அக்காகிட்ட நான் பேசிக்கறேன். நீ முந்திக்கிட்டுப் போன் போட்டு எச்சரிக்காத… இப்பவே மெசேஜ் அனுப்பிட்டியா. நல்லா இருங்கடா, அக்காவும் தம்பியும்.

என்னம்மா, இன்னும் நிக்கிறீங்களா? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் இருந்தீங்களா… சரி, தாழ்ப்பாளுக்கு என்ன விலை கேட்டீங்க? எடுத்துட்டுப் போங்க. அந்த விலைக்கே… நிஜமாத்தாம்மா. திருகாணியும் உள்ளயே இருக்கு. எடுத்துக்கங்க.

…ஆமாடா, கேட்ட விலைக்கே கொடுத்துட்டேன். உனக்குக் காது நல்லாவே கேக்குது, அஞ்சு வருஷப் பழக்கம்… சிரிக்காத… சிரிச்சது போதும், போனை வை. எனக்கு வேலை இருக்கு, தூசிக்குத் தலையில கட்டிக்க ஒரு துண்டு தேடணும்.